காட்சில்லாவும் பாங்கி அணுவுலையும்

சென்ற ஆண்டு அறிவியல் பாடவேளையில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து நின்று, “ஐயா, பாங்கியில் அணுவுலை இருக்கிறதாமே. அதிலிருந்து காட்சில்லா வெளியே வருமா?” என்று வினவினான். வகுப்பு முழுவதும் சிரித்தது. வினவியவன் மட்டும் சிரிக்கவில்லை.

முதல்நாள் இரவு தன் தமையனின் கைப்பேசியில் அப்படத்தை அவன் பார்த்திருந்தான். கூரையில் மழை இரைந்த போதெல்லாம் அதன் காலடி ஓசையோ என்று அஞ்சி உறங்காமற் கிடந்தானாம். விடியுமுன் பெரட்டுக்குச் செல்ல வேண்டிய அவன் அன்னையாரும் அவனோடு விழித்திருந்தார். மறுநாள் நம்மிடம் வந்த அவ்வம்மையார், தயங்கித் தயங்கி, “பயப்பட ஒண்ணும் இல்லைங்களே, ஐயா?” என்று கேட்டார். தாய்க்கும் மகனுக்கும் அன்று சுருக்கமாகக் கூறிய விடையை ஈண்டு விரித்து எழுதுகின்றோம்.

ஜப்பானியர் அவ்விலங்கைக் ‘கோஜிரா’ என்பர். கொரில்லாவைக் குறிக்கும் ‘கோரிரா’, திமிங்கலத்தைக் குறிக்கும் ‘குஜிரா’ ஆகிய இரு சொற்களின் சேர்க்கை அது. இஷிரோ ஹோண்டா இயக்கிய முதற்படத்தைத் தோஹோ நிறுவனத்தார் 1954ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் வெளியிட்டனர்.

நம் தோட்டத்துப் பிள்ளைகள் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. அக்கொடிய உருவத்தின் தோல் ரப்பரே! மூங்கிற் குச்சிகளாலும் கம்பிகளாலும் கூடு கட்டி, அதன்மேல் ரப்பர்ப் பாலைப் பூசிப் பூசி உலர்த்தி, செதிள்களையும் ரப்பரிலேயே செய்து ஒட்டினார்கள். ஏறத்தாழ நூறு கிலோ எடையுள்ள அவ்வுடைக்குள் புகுந்து நடந்தவர் ஹருவோ நாகாஜிமா என்னும் நடிகர். பெருவிலங்குகள் எங்ஙனம் அடியெடுத்து வைக்கின்றன என்பதை விலங்குக் காட்சிச் சாலையில் நின்று பார்த்துப் பயின்ற அவர், 1972 வரை அவ்வேடத்தைத் தாங்கினார். விளக்குகளின் வெப்பத்தில் உடைக்குள் வியர்வை வழிந்து தேங்குமாம். காலடியில் நொறுங்கும் தோக்கியோ மாநகரமோ இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவிற் செய்த பொம்மை நகரம். அதனை அமைத்த எய்ஜி சுபுராயா என்பவரே, 1966இல் நம் பிள்ளைகள் நன்கறிந்த அல்ட்ராமேனை உலகிற்கு அளித்தவர். கர்ச்சனையும் எவ்விலங்கின் தொண்டையிலிருந்தும் வந்ததன்று. ஆளுயர வயலின் போன்றதொரு கருவியின் தந்திகளைப் பிசின் தடவிய தோற்கையுறையால் உராய்ந்து எழுப்பிய ஓசையே அது. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே செய்த வேலை!

அங்ஙனமாயின் அனைத்தும் பொய்தானே என்று கேட்கலாம். உருவம் பொய், அதனைப் படைக்கத் தூண்டிய அச்சம் பொய்யன்று.

1954ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள், பசிபிக் பெருங்கடலில் பிக்கினித் தீவில் அமெரிக்கர் ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தனர். அறிவியலாளர் கணித்ததைவிட இரண்டு மடங்குக்கு மேலான ஆற்றலுடன் அது வெடித்தது. ஹிரோஷிமாவில் வீழ்ந்த குண்டைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு! நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின்மேல் வெண்சாம்பல் பல மணி நேரம் மழைபோற் பொழிந்தது. படகிலிருந்த இருபத்து மூவரும் நோயுற்றனர். வானொலிப் பொறுப்பாளர் ஐக்கிச்சி குபோயாமா செப்டம்பர் 23ஆம் நாள் உயிர் நீத்தார். அவர் இறந்து ஆறு வாரங்களுக்குள் காட்சில்லா திரைக்கு வந்தது. படத்தின் தொடக்கமே, கடலில் ஒளி மின்னிக் கப்பலொன்று எரிந்து மூழ்கும் காட்சி. பார்த்தவர்களுக்கு அது கதையாகத் தோன்றியிராது.

இச்செய்தியை நம் தோட்டத்து மூதாட்டி ஒருவரிடம் கூறினோம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம்-பர்மா இருப்புப்பாதை போடுவதற்காக ஜப்பானியப் படையினர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைக் கொண்டு சென்றனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் மடிந்தவர்களுள் அம்மூதாட்டியின் தந்தையும் ஒருவர். “நம்ம ஆளுங்கள வாரிக்கிட்டுப் போனவனுக்கும் பூதம் வந்துச்சா?” என்று மட்டும் கேட்டார். நமக்கு உடனே விடை தோன்றவில்லை. சூரை மீன் பிடிக்கச் சென்றவர்கள் அவர் தந்தையைக் கொண்டு சென்றவர்கள் அல்லர் என்று சற்றுப் பொறுத்துச் சொன்னோம். “அவனும் கூலிக்குப் போனவன்தானே” என்றார் பாட்டி.

இனி அதன் ஆற்றல்களைக் காண்போம். முதற்படத்தில் அதன் உயரம் 50 மீட்டர். அதாவது இரண்டு பால்மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாற்கூட எட்டாது. நகரக் கட்டடங்கள் உயர உயர அதுவும் வளர்ந்தது. 1984இல் 80 மீட்டர், 2016இல் 118 மீட்டருக்கும் மேல். ஆயினும் நம் பெட்ரோனாஸ் கோபுரத்தின் (452 மீட்டர்) பக்கத்தில் நின்றால் காற்பங்கு உயரந்தான் இருக்கும்! அத்தகைய விலங்கு மெய்யாகவே நடமாட இயலாது. உருவம் இருமடங்கானால் எடை எட்டு மடங்காகும். எடையைத் தாங்கும் கால் எலும்பின் குறுக்களவோ நான்கு மடங்கே ஆகும். யானையின் கால் தூணைப்போல் பருத்திருப்பது இதனாலேயே. காட்சில்லாவின் எலும்பு அதன் எடையாலேயே நொறுங்கிவிடும்.

பீரங்கியும் மின்வேலியும் அதனைத் தடுப்பதில்லை. பட்ட புண் தானே ஆறும். முதுகிலுள்ள தகடுகள் ஒளிர்ந்தவுடன் வாயிலிருந்து அணுக்கதிர் பாயும். முதற்படத்தில் வெண்புகையாயிருந்த அது, பிற்காலத்தில் நீலக்கதிர் ஆயிற்று. மனிதரை அது உண்பதில்லை. யார்மீதும் அதற்குத் தனிப்பகை இல்லை. நாம் எறும்பை மிதிப்பதுபோல் ஊரை மிதித்துச் செல்லும். நம் கருத்தில், அதன் இயல்புகளுள் மிகவும் அஞ்சத்தக்கது இதுவே.

அந்நீல ஒளியைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் நீல ஒளி பாங்கியிலும் உண்டு.

மலேசிய அணுவியல் கழகத்தின் பொறுப்பிலுள்ள பாங்கி அணுவுலை, நம் நாட்டிலுள்ள ஒரே அணுவுலையாகும். 1982ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் முதன்முதலாக அதில் அணுப்பிளவு தொடர்ந்து நிகழ்ந்தது. அது மின்சாரம் செய்யும் உலையன்று. ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் உரியது. அதன் ஆற்றல் ஒரு மெகாவாட், அதாவது ஐந்நூறு மின்கெண்டிகள் ஒரே நேரத்திற் கொதித்தால் எழும் வெப்பம். உலையின் நடுப்பகுதி ஆழமான நீர்த்தொட்டியின் அடியில் உள்ளது. மேலிருந்து நோக்கினால் நீருக்குள் நீல ஒளி தெரியும். 1934இல் செரன்கோவ் என்னும் இரஷ்ய அறிஞர் இதனை ஆராய்ந்தறிந்தார். நீரில் ஒளியின் வேகம் காற்பங்கு குறைகிறது. உலையிலிருந்து கிளம்பும் சில மின்னணுக்களோ அதனினும் விரைந்து பாய்கின்றன. அலையை முந்திச் செல்லும் விசைப்படகு தன் இருபுறமும் நீரைக் கிழித்துச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். மின்னணு அங்ஙனம் ஒளியை முந்துகையில் எழுவதே அந்நீலம். மேலே நிற்போரை நீர்ப்படலமே கதிரியக்கத்தினின்று காக்கின்றது.

மற்றொரு வேறுபாடும் உண்டு. காட்சில்லாவுக்குச் சினம் மூண்டால் ஆற்றல் பெருகும். பாங்கி உலையோ சூடேறினால் தானே அடங்கும். அதன் எரிபொருளில் யுரேனியத்துடன் ஹைட்ரஜன் கலந்திருக்கிறது. சூடு மிகும்போது அக்கலவையின் தன்மை மாறி அணுப்பிளவு தளர்ந்துவிடும். மனிதர் கை வைப்பதற்கு முன்பே இது நிகழும்.

அக்கழகம் செய்யும் பிற பணிகளிலும் நமக்குத் தொடர்புண்டு. அங்கே கோபால்ட் என்னும் உலோகத்தின் காமாக் கதிரால் மருத்துவக் கையுறைகளின் கிருமிகளை ஒழிக்கின்றனர். நாம் வெட்டும் பாலிலிருந்து வந்தவைதாமே பல கையுறைகள்! இவ்வுலை வேறு, அக்கதிர்க்கூடம் வேறு, ஒன்றெனக் கருதற்க.

ஆனால் “அணு என்றால் அச்சமே வேண்டா” என்று நாம் எழுதமாட்டோம். ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் 1982இல் தொடங்கிய அருமண் ஆலையின் கழிவில் தோரியம் என்னும் கதிரியக்கப் பொருள் இருந்தது. ஊர் மக்கள் 1985இல் வழக்குத் தொடுத்தனர். 1992இல் உயர்நீதிமன்றம் ஆலையை நிறுத்த ஆணையிட்டது; மறு ஆண்டில் மேல்முறையீட்டில் அவ்வாணை நீக்கப்பட்டது. எனினும் 1994இல் ஆலை மூடப்பட்டது. கதிரியக்கத்துக்குக் காலடி ஓசை இல்லை, மணமில்லை, நிறமில்லை. ஆகவே மஞ்சள் நிறத்தில் கறுப்பு மூவிதழ்க் குறி பொறித்த பெட்டியையோ இரும்புத் துண்டையோ பழைய சாமான் குவியலிற் கண்டால் பிள்ளைகள் தொடக்கூடாது. விலகிச் சென்று ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்ல வேண்டும்.

முதற்படத்தின் முடிவையும் அன்று வகுப்பிற் கூறினோம். செரிசாவா என்னும் அறிஞர் கடல்நீரின் உயிர்வளியையே அழிக்கும் பொருளொன்றைக் கண்டுபிடித்திருப்பார். காட்சில்லாவைக் கொல்ல அதனை ஒருமுறை பயன்படுத்த இசையும் அவர், தம் குறிப்புகளையெல்லாம் முன்னதாகவே எரித்துவிடுவார். பின்னர்க் கடலின் அடியில், தம் மூச்சுக் குழாயைத் தாமே அறுத்துக்கொண்டு அவ்விலங்கோடு மடிவார்.

“குறிப்பை எரித்தால் போதுமே, ஐயா! அவர் ஏன் சாக வேண்டும்?” என்றான் அம்மாணவன்.

“தாளை எரிக்கலாம். தலையில் இருப்பதை மிரட்டிக் கேட்டால்?” என்றோம். அவன் நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தான்.

இப்போது அவன் நன்றாக உறங்குகின்றானாம். வீட்டுக் கொல்லையிலுள்ள பால்மரத்து ஒட்டுப்பாலைச் சேர்த்து வைத்துக் காட்சில்லாவுக்கு வால் செய்யத் தொடங்கியிருக்கின்றான். நாற்றம் தாங்க முடியவில்லை என்று அவன் அன்னையார் நம்மிடம் முறையிடுகின்றார்.