திமிரியை வென்ற பாரி

கோயில் திருவிழாவில் நாகஸ்வரம் ஒலித்தால், கடல் கடந்து அந்தமானுக்குப் பிழைக்க வந்த நமக்கு ஊர் ஞாபகம் வந்துவிடுகிறது. அந்தக் குழலுக்கும் ஒரு வரலாறு உண்டு.

முன்பு பெரிதும் புழங்கியது, உச்ச சுருதியில் ஒலிக்கும் குட்டையான திமிரி. தாழ்ந்த சுருதியும் கம்பீர நாதமும் கொண்ட நீண்ட பாரிக்குப் புகழ் சேர்த்தவர் திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை (1898-1956). அதைச் செம்மையாகக் கடைந்து தந்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி.

பழைய வீடுகளில் கிடைக்கும், பல ஆண்டுகள் உலர்ந்த ஆச்சா மரமே இதற்கு ஏற்றது. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அந்த மரமோ அருகி வருகிறது. கடையும் குடும்பங்களும் சிலவே.

குறியீடு பெயரைத்தான் காக்கும். நம் வீட்டுக் கல்யாணத்தில் பதிவு செய்த இசையை நிறுத்திவிட்டு வித்வானை அழைத்தால், கடைசல் பட்டறையும் பிழைக்கும்.