வேப்பிலைக்கு முந்திய நான்கு நாட்கள்

சந்தவாசலில் படவேட்டுப் பேருந்துக்காகக் காத்திருப்போருக்கு மேற்கே சவ்வாது மலை தெரியும். ஆடி வெள்ளியன்று அங்கே நிற்க இடம் கிடைப்பதே அரிது; ரேணுகாம்பாளுக்கு நேர்த்திக்கடன் செலுத்த வருவோர் கூட்டம் அத்தகையது. ஒருமுறை அக்கூட்டத்தில் என்னருகே அமர்ந்திருந்த தாயொருத்தி ஓர் ஐயத்தை எழுப்பினாள். அவள் மகனுக்குத் தட்டம்மை கண்டது. மணல்வாரி என்றும் இதனைக் கூறுவர்.

"வாசலில் வேப்பிலை கட்டிய அன்றைக்கே மகளை என் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன், ஐயா. அப்படியும் அவளுக்கு வந்துவிட்டதே, ஏன்?" என்றாள்.

மாணவர்களே, இக்கேள்வியில்தான் இந்நோயின் சூழ்ச்சி முழுதும் அடங்கியிருக்கிறது. வேப்பிலை கட்டுவதும், அயலார் வராமல் தடுப்பதும் நம் முன்னோர் அறிந்த தனிமைப்படுத்தும் முறையே. அதனை நான் எள்ளி நகையாடேன். ஆயினும் வேப்பிலை கட்டுவது உடம்பில் தடிப்புத் தோன்றிய பின்னர். தட்டம்மைக் கிருமியோ தடிப்புக்கு நான்கு நாட்கள் முன்னரே பிறரைத் தொற்றத் தொடங்கிவிடுகிறது. அப்பொழுது காய்ச்சல், இருமல், மூக்கொழுக்கு, கண் சிவப்பு ஆகியவையே காணப்படும். தாய் அதனைச் சளி என்றே எண்ணுவாள். நோயுற்ற குழந்தை இருமிவிட்டுச் சென்ற அறையின் காற்றில் அக்கிருமி இரண்டு மணி நேரம் வரை உயிர்ப்புடன் இருக்கும். எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்கு அது பரவக்கூடும். அச்சிறுமி பாட்டி வீட்டுக்குப் புறப்பட்டபோதே கிருமியையும் சுமந்து சென்றாள்.

1846-இல் பாரோ தீவுகளில் இந்நோய் பரவியபோது பீட்டர் பானம் என்னும் இளம் டேனிஷ் மருத்துவர் அங்குச் சென்று ஆராய்ந்தார். ஏறத்தாழ 7,800 மக்களுள் சுமார் 6,000 பேர் படுத்துவிட்டனர். தொற்றிய நாளுக்கும் தடிப்புத் தோன்றும் நாளுக்கும் இடையே இரு வாரம் ஆவதை அவர் கணக்கிட்டறிந்தார். 1781-இல் அங்கே தட்டம்மை கண்டு பிழைத்த முதியோர் எவரையும் அது மீண்டும் அணுகவில்லை என்பதையும் கண்டார். ஒருமுறை வந்தால் ஆயுட்காலக் காப்பு. அக்காப்பை நோயின்றியே தருவதுதான் தடுப்பூசி. கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க 1954-இல் வழி கண்டனர். 1963-இல் அமெரிக்காவில் ஊசி வழக்கத்திற்கு வந்தது. 1985-இல் இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெற்றது.

"அம்மை தானாக இறங்கிவிடும், ஊசி எதற்கு?" என்பாருண்டு. பெரும்பாலும் இறங்கிவிடும் என்பது மெய்யே. இறங்காதபோது நுரையீரல் அழற்சியும் வயிற்றுப்போக்கும் குழந்தையைக் கொல்கின்றன. சில வேளைகளில் மூளையும் தாக்கப்படுகிறது. வைட்டமின் ஏ குறைந்த குழந்தைக்குப் பார்வையே போகலாம். ஆகவேதான் நோயுற்ற குழந்தைக்கு அடுத்தடுத்த இரு நாட்களில் அச்சத்தை மருத்துவர் கொடுப்பர். பத்தியம் என்று பாலையும் சோற்றையும் குறைப்பதை மட்டும் என்னால் ஏற்க இயலாது. அம்மை கண்ட குழந்தைக்குத்தான் உணவு மிகுதியாக வேண்டும்.

2017 பிப்ரவரியில் தமிழகப் பள்ளிகளில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போடப்பட்டபோது, கைபேசியில் வந்த வதந்திகளை நம்பிப் பெற்றோர் பலர் மறுத்தனர். உங்களுள் சிலர் அன்று வரிசையில் நின்றிருப்பீர்கள். சிலர் விடுப்பெடுத்து வீட்டிலிருந்திருப்பீர்கள். நூற்றுக்கு 95 பேராவது காப்புப் பெற்றாலன்றி இந்நோய் ஓர் ஊரை விட்டு நீங்காது.

இவற்றைச் சுருக்கமாக அத்தாய்க்குச் சொன்னேன். உடன் வந்த அவள் தங்கை, மடியில் கிடந்த பெண்குழந்தையைத் தட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இவளுக்கு எப்பொழுது போட வேண்டும், ஐயா?"

"ஒன்பது மாதம் முடிந்ததும் முதல் ஊசி. தாய் தந்த காப்பு அதற்குள் தேய்ந்துவிடும். ஒன்றரை வயதையொட்டி மற்றொன்று."

"தீபத்தன்று பிறந்தவள்," என்று சொல்லி, அவள் விரல் மடக்கத் தொடங்கினாள்: மார்கழி, தை, மாசி, பங்குனி... ஒன்பதாவது விரல் ஆவணியில் வந்து நின்றது. அதற்குள் பேருந்தும் வந்துவிட்டது.