அப்பா கொடுத்த புகார் என்ன ஆனது?

பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் பாக்கி கேட்டு யாராவது வந்துவிடுகிறார்கள். "ஒண்ணுமில்ல தம்பி, அப்பா பேர்ல இருக்கிறதை உங்க பேருக்கு மாத்திக்கிறோம். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். துக்க வீட்டில் யாருக்கும் படித்துப் பார்க்கத் தோன்றாது. தயவுசெய்து அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இறந்தவரின் கடனுக்கு அவர் விட்டுப்போன சொத்துதான் பொறுப்பு. அந்தச் சொத்தில் உங்கள் கைக்கு எவ்வளவு வந்ததோ, அந்த அளவுக்குத்தான் உங்களைக் கேட்க முடியும் என்கிறது 1908-ம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம். தகப்பன் பட்ட கடனைப் பிள்ளை அடைப்பது தர்மம் என்ற பழைய இந்துச் சட்டக் கொள்கையும், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு வாங்கிய கடன்களுக்குச் செல்லாது. அப்பாவின் கிரெடிட் கார்டு பாக்கிக்காக மகளின் சம்பளத்தில் கைவைக்க வழியில்லை. புதுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் கதையே வேறு. அன்றிலிருந்து அது உங்கள் கடன். ஏற்கெனவே ஜாமீன் போட்டிருந்தாலோ, கூட்டாகக் கடன் வாங்கியிருந்தாலோ தப்ப முடியாது. அடமானம் வைத்த வீடும் நகையும் கடனைக் கட்டினால்தான் மீளும்.

கடனைப் பற்றி இவ்வளவு பதறும் குடும்பங்கள், இறந்தவர் கொடுத்துவிட்டுப் போன புகாரை மட்டும் அப்படியே கைவிட்டுவிடுகின்றன. என் ஆற்றாமையெல்லாம் இதில்தான். வங்கியில் டெபாசிட் என்று சொல்லி இன்சூரன்ஸ் பாலிசியைத் தலையில் கட்டியிருப்பார்கள். கட்டி முடித்த கடனுக்குத் தவணை பிடித்திருப்பார்கள். மனிதர் மாதக்கணக்கில் அலைந்து மனு எழுதியிருப்பார். அந்த நியாயம் அவரோடு போய்விடவில்லை. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், இறந்த நுகர்வோரின் வாரிசையும் புகார்தாரர் என்றே சொல்கிறது. வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால், இறந்த 90 நாட்களுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனு போட வேண்டும். நாள் தவறிய பிறகு போய் நின்றால், தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்றாட வேண்டியிருக்கும்.

கடனோ புகாரோ, முதலில் பீரோவைத் திறந்து பாஸ்புக்கை எடுத்து, வரி வரியாகப் பாருங்கள். மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பிடித்திருக்கிறதா? அது பெரும்பாலும் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கான பிரீமியம். 55 வயதுக்குள் இறந்திருந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். 20 ரூபாய் பிடித்திருந்தால் விபத்துக் காப்பீடாக இருக்கலாம். வங்கிக் கடன் கொடுக்கும்போதே அதற்கும் சேர்த்து ஆயுள் காப்பீடு எடுத்திருந்தால், அந்தப் பணமே கடனைத் தீர்த்துவிடலாம். தவணை கேட்டு வருபவர் இதைத் தானாகச் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள்.

அவருடைய சிம் கார்டையும் அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம். புகார் எண் அதில்தான் குறுஞ்செய்தியாகக் கிடக்கும். அந்த எண்ணைக் குறிப்பிட்டு, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் நகல்களோடு வங்கிக்குக் கடிதம் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

வாரிசுச் சான்றிதழை தாசில்தார் அலுவலகத்தில் வாங்குவது எப்படி என்று அடுத்த வாரம் பார்ப்போம்.