காயடித்தும் இறங்காத கால்

தோட்டத்து நாய்கள் – தொடர் 14

மோப்பத்தைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியாயிற்று. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் நாய் லைசென்ஸ், கழுத்துப் பட்டை, நகராண்மைக் கழகம் என்று போவதாகச் சொல்லியிருந்தேன். அம்பாங்கானிலிருந்து ஒரு வாசகி போன் செய்து அதைக் கெடுத்துவிட்டார்.

"காயடிச்சு மாசக் கணக்கா ஆச்சுங்க. இன்னும் எல்லார் வீட்டு மோட்டார் டயர்லயும் காலைத் தூக்குறான். எதிர்வீட்டு அண்ணன் தினம் சண்டைக்கு வர்றாரு. ஆபரேஷன் சரியா நடக்கலையோ?"

நடந்திருக்கிறது. "முன்னே மாதிரி வேலியைத் தாண்டி ஓடுறானா?" என்று கேட்டேன். "அதெல்லாம் இல்ல, இப்ப வாசல்லயேதான் கெடக்குறான்" என்றார். கத்தி தன் வேலையைச் செய்துவிட்டது என்பதற்கு அது ஒன்றே சாட்சி. டயர் விஷயம் வேறு கணக்கு.

அம்பாங்கானை அறியாதவர்களுக்கு ஒரு வரி: சிரம்பானிலிருந்து கோலாப்பிலா போகும் சாலையில், ஊரைத் தாண்டுவதற்குள் வந்துவிடும். இன்று தாமான் தாமானாக வரிசை வீடுகள். அங்கே குடியிருக்கும் நம்மவர்களில் பலருக்குத் தோட்டம்தான் பூர்வீகம். லயத்தை விட்டு வந்தபோது சட்டி பானையோடு நாயையும் கூட்டி வந்தார்கள். தோட்டத்தில் நாய் எந்தப் பால்மரத்தில் காலைத் தூக்கியது என்று எவன் பார்த்தான்? விடிவதற்கு முன் வெட்டுக்குப் போகிறவர் பின்னாலேயே போகும், நிரை நிரையாக மரம் இருக்கும், எதிலாவது பெய்யும். தாமானில் மரம் இல்லை. கேட் தூண் இருக்கிறது, பூச்சட்டி இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரரின் மோட்டார் இருக்கிறது. நாயின் பழக்கம் மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த பொருள்கள் மாறிவிட்டன.

காயடித்தால் இதுவும் நின்றுவிடும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? ஆட்டுக் கிடாவிடமிருந்துதான் என்று நினைக்கிறேன். லயத்தில் ஆடு வளர்த்தவர்களுக்குத் தெரியும்: பருவம் வந்த கிடா தன் தாடியிலும் முன்னங்காலிலும் தானே மூத்திரத்தைப் பீய்ச்சிக்கொள்ளும். அந்த வாடை வேலிக்கு அப்பால் வரை வரும். காயடித்துவிட்டால் வாடையும் போகும், பீய்ச்சலும் அடங்கும். கண்ணால் கண்ட அனுபவம் அது. அதையே நாய்க்கும் பொருத்தினோம். நாய் பொருந்த மறுக்கிறது.

ஏன் மறுக்கிறது என்பதைப் பல ஆண்டுகள் நாய்களோடு உட்கார்ந்து பார்த்தவர் பிராங்க் பீச். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர். பீகிள் நாய்களை வளர்த்து, அவை எப்படிச் சிறுநீர் கழிக்கின்றன என்பதைக் குட்டியிலிருந்தே குறித்துவைத்து, 1974இல் ஆய்வாக வெளியிட்டார். ஆண் குட்டி முதலில் உடம்பை முன்னால் சாய்த்து நின்றபடி பெய்யும். ஆறேழு மாதத்துக்குப் பிறகுதான் பின்னங்காலைத் தூக்கப் பழகும். அந்த வயதில் விரையில் டெஸ்டோஸ்டிரோன் ஊறத் தொடங்குவதால்தான் கால் எழுகிறது என்று எவரும் நினைப்பார்கள். ஆனால் பருவம் வருமுன் காயடித்த குட்டியும் பிற்பாடு காலைத் தூக்கியது. கருவிலும் பிறந்தவுடனும் ஆண் ஹார்மோன் கொடுத்த பெட்டைக் குட்டிகளிலும் சில வளர்ந்தபின் ஆண் நாயைப் போலக் காலைத் தூக்கின. அதாவது, கால் தூக்குவதா குந்துவதா என்பது பிறப்பை ஒட்டிய நாட்களிலேயே மூளைக்குள் முடிவாகிவிடுகிறது. டாக்டர் பிற்பாடு வந்து விரையை எடுக்கிறார். மூளையில் ஏற்கெனவே ஏறியதை அவர் என்ன செய்ய முடியும்?

கால் தூக்குவது ஒன்று, எத்தனை இடத்தில் தூக்குகிறது என்பது இன்னொன்று. இரண்டாவதில் காயடிப்புக்குக் கொஞ்சம் செல்வாக்கு உண்டு. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த பெஞ்சமின் ஹார்ட் குழுவினர் 1976இல் காயடித்த 42 வளர்ந்த நாய்களின் கதையைக் கேட்டு எழுதினார்கள். ஊர் சுற்றுவது பத்தில் ஒன்பது நாய்களிடம் குறைந்தது. வீட்டுக்குள் மூத்திரம் அடித்து இடம் குறிப்பது பாதி நாய்களிடம்தான் குறைந்தது. மறுபாதி சோபாவை விட்டுவைக்கவில்லை. 1997இல் அதே ஹார்ட் வேறு இருவரோடு சேர்ந்து 57 நாய்களைப் பார்த்தார். நாயின் வயதை வைத்தோ, பழக்கம் எத்தனை நாளாக இருக்கிறது என்பதை வைத்தோ, எது திருந்தும் எது திருந்தாது என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. "வயசாயிடுச்சு, இனிமே காயடிச்சு என்ன பிரயோசனம்" என்பவர்களுக்கு இந்த ஒரு தகவல் போதும்.

இப்போது இந்த வாரம் என் தூக்கத்தைக் கெடுத்த செய்திக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால், மேலே எழுதியதெல்லாம் இதற்காகத்தான்.

அமெரிக்காவில் கார்னல் பல்கலைக்கழகத்து பெட்டி மெக்குவயரும் அவருடைய கூட்டாளிகளும் காப்பகத்து ஆண் நாய்களை நடக்கக் கூட்டிப்போய்ப் படம் பிடித்தார்கள். எதைப் படம் பிடித்தார்கள் தெரியுமா? நாய் காலைத் தூக்கும் கோணத்தை. பிறகு படத்தை நிறுத்தி நிறுத்திக் கோணத்தை அளந்தார்கள். மூத்திரம் தூணில் எந்த உயரத்தில் பட்டது என்பதையும் அளந்தார்கள். இப்படியும் ஒரு பிழைப்பு என்று சிரிக்காதீர்கள். 2018இல் வெளிவந்த முடிவு இது: உயரமாகத் தூக்கினால் உயரமாகப் படுகிறது, அதில் அதிசயமில்லை. ஆனால் சின்ன நாய்கள் பெரிய நாய்களைவிட அதிகக் கோணத்தில் காலைத் தூக்குகின்றன. நான் பெரியவன் என்று தூணில் பொய் எழுதிவைக்கின்றன! பின்னால் வந்து மோப்பம் பிடிக்கிற நாய் ஆளை நேரில் பார்ப்பதில்லை, தூணில் உயரத்தைத்தான் பார்க்கிறது. அடுத்தவன் அடித்த இடத்துக்கு எட்ட வேண்டும் என்பதற்காகவும் சின்ன நாய் எம்பலாம் என்று ஆய்வாளர்கள் அடக்கமாகச் சொல்லிவைத்தார்கள். எனக்குப் பொய்தான் பிடித்திருக்கிறது. நேருக்கு நேர் சண்டை போட்டுத் தோற்பதைவிட இது எவ்வளவோ கெட்டிக்காரத்தனம். அதற்கு ஓராண்டு முன்பு அதே மெக்குவயர் சின்ன நாய்கள் அடிக்கடி அடிக்கின்றன என்றும் காட்டியிருந்தார். பாண்டா கரடி இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஆண் பாண்டா முன்னங்காலை ஊன்றித் தலைகீழாக நின்று மரத்தில் பெய்கிறது.

இதைப் படித்த பிறகு எங்கள் வீதியில் உள்ள குட்டை நாயை உட்கார்ந்து கவனித்தேன். காயடித்ததுதான். கேட் தூணை மூன்று பக்கமும் மோந்தது. ஒரு அடி பின்வாங்கி, வலது பின்னங்காலை முதுகுக்கு மேல் போகிற அளவுக்குத் தூக்கியது. ஊன்றிய காலின் நகங்கள் சிமெண்டில் கிறீச்சிட்டு வழுக்கின. வந்தது நாலு சொட்டு. அடுத்த தூணில் அந்த நாலு சொட்டும் இல்லை, ஆனாலும் கால் அதே உயரத்துக்குப் போனது. காலி நீர்ப்பையோடு காலைத் தூக்குவதும் நாய்களிடம் சாதாரணம்தான். எதிரே இன்னொரு நாய் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தத் தூக்கலே ஒரு பேச்சு.

மேற்கு வங்கத்தில் காட்வா ஊரின் தெருநாய்களைப் பற்றி எஸ். கே. பால் 2003இல் எழுதியது நம் வாசலுக்கு இன்னும் நெருக்கம். ஆண்கள் பெட்டைகளைவிட அதிகம் அடிக்கின்றன. எல்லை ஓரத்தில் அடிக்கின்றன, ஜோடி சேரும் இடத்தில் அடிக்கின்றன. காயடித்த நாய்க்கு ஜோடி கவலை போய்விட்டது, எல்லைக் கவலை போகவில்லை. அம்பாங்கானில் மத்தியான மழை கொட்டி ஓய்ந்ததும் நாய்கள் வரிசையாகக் கிளம்பிப் போவதைப் பாருங்கள். கழுவிப்போன முகவரியை மறுபடி எழுதப் போகின்றன.

போனில் கேட்டவருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். வெளியே அழைத்துப் போகும்போது நாலு கம்பத்தில் நின்று நிதானமாக அடிக்க விடுங்கள். அவசரமாக இழுத்து வந்தால் மிச்சத்தை டயரில்தான் வைப்பான். டயரை வெறும் தண்ணீரில் கழுவினால் உங்கள் மூக்குக்குத்தான் வாடை போகும், அவனுக்குப் போகாது. செல்லப் பிராணிக் கடையில் என்சைம் கலந்த திரவம் கிடைக்கும், அதை ஊற்றித் தேயுங்கள். அமோனியா கலந்த கழுவியை மட்டும் தொடாதீர்கள். அதன் வாடை மூத்திர வாடையோடு ஒத்துப்போகும், அவனை இன்னும் கூப்பிடும். எதிர்வீட்டு அண்ணனுக்கு ஒரு வாரம் மோட்டாரை உள்ளே தள்ளி நிறுத்தச் சொல்லி ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுங்கள்.

ஒன்றில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். வீட்டுக்குள் ஒருநாளும் பெய்யாத நாய் திடீரென்று பெய்ய ஆரம்பித்தால், முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போனால், ரத்தம் கலந்திருந்தால், அது எல்லை குறிப்பதல்ல. கல்லாக இருக்கலாம், கிருமித் தொற்றாக இருக்கலாம். முக்கியும் சொட்டு வரவில்லையென்றால் அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். காலையில் காட்டலாம் என்று படுத்துவிடாதீர்கள், அடைப்பு உயிரை எடுத்துவிடும்.

லைசென்ஸ் அடுத்த வாரம். ஆனால் "எங்க பெட்டை நாயும் காலைத் தூக்குதே, அதுக்கு என்னய்யா சொல்றீங்க" என்று லிங்கியிலிருந்து ஒரு கடிதம் மேசையில் கிடக்கிறது. லைசென்ஸ் அதற்கும் அடுத்த வாரம் ஆனாலும் ஆகலாம்.