தோலில் தங்கும் புளிப்பு

பிளம்ஸ் பழத்தின் இனிப்பு மரத்திலேயே முடிவாகிவிடுகிறது. வாழைக்காயில் மாவுச்சத்து இருப்பு உண்டு. பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாகும். பிளம்ஸில் அப்படிப்பட்ட இருப்பு கிடையாது. பறித்த பிறகு எத்திலீன் வாயு சதையை இளக்கும், மணத்தைக் கூட்டும், புளிப்பையும் கொஞ்சம் தணிக்கும்; சர்க்கரை மட்டும் ஏறாது. காயாகப் பறித்தது வீட்டில் கனிந்தும் சப்பென்று இருப்பது இதனால்தான்.

கடையில் நிறத்தை நம்பிப் பயனில்லை. சில ரகங்கள் பழுக்கும் முன்பே சிவந்துவிடும். காம்புக்கு எதிர்முனையை விரலால் தொட்டால் லேசாக அமுங்க வேண்டும், முகர்ந்தால் வாசனை வர வேண்டும். தோலில் சாம்பல் பூத்தாற்போல் படிந்திருப்பது பழமே சுரக்கும் மெழுகு. பூச்சிமருந்து என்று பயந்து பலர் ஒதுக்கும் இந்தப் பழம்தான் அதிகம் கைபடாதது. கெட்டியான பழத்தை உடனே ஃபிரிட்ஜில் வைத்தால் நாளடைவில் உள்சதை பழுப்பேறி மாவுமாவாகிவிடும். இரண்டு மூன்று நாள் வெளியில் கனியவிட்டு, பிறகு உள்ளே வைக்கலாம்.

புளிப்புக்குக் காரணம் மாலிக் அமிலம். அது தோலிலும் கொட்டையை ஒட்டிய சதையிலும் மிகுதி. பச்சையாகக் கடிக்கும்போது நடுச்சதையின் இனிப்புச் சாறு அதை மறைத்துவிடும். வேகவைத்தால் மறைப்பு போய்விடும். இரண்டாக நறுக்கிய பழங்களைச் சிறிது தண்ணீரோடு அடுப்பில் வைத்தால், ஐந்தாறு நிமிடத்தில் தோல் சுருண்டு கழன்று, வெளிறிய சாறு மாதுளை நிறத்துக்கு மாறும். தோலின் ஆந்தோசயனின் நிறமியோடு அமிலமும் இறங்குவதால், தித்தித்த பழம்கூட வெந்ததும் புளிக்கும். பச்சடிக்கு வெல்லத்தைப் பழம் குழைந்த பிறகே சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால் துண்டுகள் விறைத்து, வேக நேரமாகும். இரும்புச் சட்டி வேண்டாம், நிறம் கறுத்துவிடும்.

பெக்டின் நிறைய இருப்பதால் ஜாம் தானாகவே இறுகும். சமவெளியில் 105 டிகிரி செல்சியஸ் அளவில் பதம் வரும். சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் தண்ணீரே 93 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும். அங்கே 105 வரை காய்ச்சினால் ஜாம் கல்லாகும். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழுகிறதா என்று பார்ப்பதே எந்த ஊருக்கும் பொருந்தும்.

கொட்டையை உடைத்துப் பருப்பைத் தின்னக் கூடாது. அதிலுள்ள அமிக்டலின் உடலில் சயனைடை வெளிவிடும்.