கொடைக்கானல் மோமோ யாருடைய பலகாரம்?

கொடைக்கானலுக்குப் போய் வந்தவர்களிடம் அங்கே என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், பிளம்ஸ், பேரிக்காய், வீட்டுச் சாக்லேட் என்று சொல்லிக்கொண்டே வந்து மோமோவையும் சேர்த்துக்கொள்வார்கள். பி.டி. சாலையில் டிபெட்டன் பிரதர்ஸ், ராயல் டிபெட் போன்ற திபெத்திய உணவகங்கள் பயண வழிகாட்டி நூல்களில் இடம்பிடித்து வெகுகாலம் ஆகிறது. ஏரிக்கரைத் தள்ளுவண்டிகளிலும் ஆவி பறக்கிறது. இருந்தும் நம்மவர்கள் அதை வெளியூர்ப் பண்டமாகவே பேசுகிறார்கள். மலைப்பூண்டு நம்முடையது, மலைவாழைப்பழம் நம்முடையது, மோமோ மட்டும் சுற்றுலாவோடு வந்து ஒட்டிக்கொண்டது என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. இந்த எண்ணம் தவறு என்பது என் கட்சி. கொடைக்கானல் மோமோ கொடைக்கானல் பலகாரம்தான். அதை ஒப்புக்கொண்டால்தான், இன்றைக்கு அது எந்த நிலையில் தட்டில் வந்து விழுகிறது என்று உரிமையோடு கேட்கவும் முடியும்.

ஒரு பலகாரம் ஒரு ஊருக்கு எப்படிச் சொந்தமாகிறது என்பதற்குத் தைவானைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது கடினம். இன்று தைவான் என்றதும் உணவுப் பிரியர்கள் முதலில் நினைப்பது டின் தாய் ஃபங் என்ற உணவகத்தையும், அங்கே மூங்கில் கூடையில் வரும் சூப் கொழுக்கட்டையையும்தான். அதன் பெயர் சியாவ்லோங்பாவ். சின்ன மூங்கில் கூடையில் வேகவைத்த பொட்டலம் என்று பொருள். ஆனால் அது தைவானில் பிறந்ததல்ல. ஷாங்காய் அருகே நான்சியாங் என்ற ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவானது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. உணவகத்தைத் தொடங்கிய யாங் பிங்யீயும் ஷாங்காய்க்காரர் அல்லர். வட சீனத்தின் ஷான்சி மாகாணத்தில் பிறந்து, உள்நாட்டுப் போர்க் காலத்தில் 1948-ல் தைவானுக்குப் பிழைக்க வந்தவர். 1958-ல் தைப்பேயில் அவரும் மனைவியும் தொடங்கியது சமையல் எண்ணெய்க் கடை. டின்னில் அடைத்த எண்ணெய் சந்தைக்கு வந்ததும் சில்லறை எண்ணெய் வியாபாரம் படுத்துவிட்டது. கடையின் ஒரு பாதியில் கொழுக்கட்டை விற்றுப் பார்த்தார்கள். 1972-ல் அது முழு உணவகமாகிவிட்டது. 1993-ல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளியிட்ட உலகின் பத்துச் சிறந்த உணவகங்கள் பட்டியலில் அந்தப் பழைய எண்ணெய்க் கடையும் இருந்தது. பிறகு ஹாங்காங் கிளைக்கு மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. பலகாரம் ஷாங்காயுடையது, முதலாளி ஷான்சிக்காரர், தொழில் எண்ணெய் வியாபாரம். இந்த மூன்றும் சேர்ந்ததைத் தைவான் தன் அடையாளமாக ஏற்றுக்கொண்டது, உலகமும் ஏற்றுக்கொண்டது. ஜப்பானின் கியோசா என்ற கொழுக்கட்டையும் இப்படித்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மஞ்சூரியாவிலிருந்து திரும்பியவர்களோடு வந்த சீனப் பண்டம், இன்று ஜப்பானிய வீட்டுச் சாப்பாடு.

தைவான் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் வெறும் பழக்கம் அல்ல, உழைப்பு. டின் தாய் ஃபங்கில் ஒரு கொழுக்கட்டையின் மேல்மாவு 5 கிராம், உள்ளே வைக்கும் பூரணம் 16 கிராம் என்று நிறுத்துப் பார்க்கிறார்கள். ஓரத்தில் பதினெட்டு மடிப்பு. மாவு தேய்ப்பதையும் மடிப்பதையும் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று யாரும் பார்க்கலாம். சூப் எப்படி உள்ளே போகிறது என்பதுதான் முதன்முறை சாப்பிடுகிறவர்களுக்கு வியப்பு. ஊசியால் ஏற்றுவதில்லை. இறைச்சியின் தோலையும் எலும்பையும் மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் அதிலுள்ள பசைச்சத்து சாற்றில் இறங்குகிறது. ஆறவைத்தால் சாறு கட்டியாகிவிடும். அதைப் பொடியாக நறுக்கிக் கொத்துக்கறியோடு பிசைந்து, மெல்லிய மாவுக்குள் வைத்து மூடுகிறார்கள். ஆவியில் வைத்ததும் கறி வேகிறது, கட்டி உருகி மறுபடியும் சூப்பாகிறது. பூரணக் கொழுக்கட்டையில் கெட்டியாக வைத்த வெல்லம் ஆவி பட்டதும் இளகி ஓரத்தில் கசிவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தச் சூட்சுமம் புரியாததல்ல. உள்ளே பூரணம் வைத்துப் பிடித்த மோதகத்தை மதுரைத் தெருவில் விற்றதை மதுரைக்காஞ்சி பாடியிருக்கிறது. மாவுக்குள் ஒன்றை மறைத்து ஆவியில் வேகவைப்பது பழனி மலையடிவாரத்துக்குப் புதிதாக வந்த கலை என்று யாரும் சொல்ல முடியாது.

இனி கொடைக்கானலுக்கு வருவோம். 1959-ல் தலாய் லாமாவோடும் அவருக்குப் பின்னும் இந்தியாவுக்கு வந்த திபெத்தியர்களுக்குத் தென்னிந்தியாவில் இடம் கொடுத்தது கர்நாடகம். பைலகுப்பே, முண்டகோடு போன்ற குடியிருப்புகள் அறுபதுகளில் எழுந்தன. விவசாயத்தில் மட்டும் வயிறு நிறையாத குடும்பங்கள் லூதியானாவில் ஸ்வெட்டர் கொள்முதல் செய்து ஊர் ஊராகக் கடைபோட்டன. குளிர் உள்ள ஊரில் ஸ்வெட்டருக்குக் கிராக்கி உண்டு. கொடைக்கானலுக்குத் திபெத்தியர்களை ஈர்த்ததும் இதுதான். மயிலுக்குக் குளிருமென்று தன் போர்வையைக் கொடுத்த பேகனின் மலை இது. கம்பளி விற்க வந்தவர்களுக்கும் இங்கே இடம் கிடைத்ததில் எனக்கு ஒரு நிறைவு உண்டு. கம்பளியோடு சமையலும் வந்தது. மோமோ, துக்பா என்ற நூடுல்ஸ் சூப், டிங்மோ என்ற சுருள் ரொட்டி. மோமோவுக்குள் வைக்கும் முட்டைக்கோசும் கேரட்டும் வெங்காயத்தாளும் இந்த மலைக் காய்கள். அகதியாக வந்த ஒரு தலைமுறை, கிடைத்த காயை வைத்துத் தன் பலகாரத்தைச் செய்தது. அடுத்த தலைமுறை இங்கேயே தமிழ் பேசி விற்கிறது. தைவானில் நடந்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அங்கே ஒரு நாடே அதற்குத் தன் பெயரைக் கொடுத்தது. இங்கே நாம் இன்னும் தயங்குகிறோம்.

வெளியிலிருந்து வந்ததையெல்லாம் சொந்தம் என்று சொன்னால் எல்லைதான் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1845-ல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் இங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். அதன்பின் வந்த வெள்ளைக்காரர்களால் இந்த மலையில் வேர்பிடித்தவைதான் பேரிக்காயும் பிளம்ஸும் இன்று மலைக்காய் என்று நாம் கூவி விற்கும் பல காய்கறிகளும். அவை வந்தேறி என்று இன்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அதே வழியில் சவுக்கு மரமும் யூகலிப்டஸும் வந்தன. இங்கே சவுக்கு என்று சொல்லப்படும் அந்த வாட்டில் மரம் புல்வெளிகளை விழுங்கி, சோலைக்காடுகளின் ஓரத்தை அரித்து, ஊற்றுகளை வற்றவைத்ததைப் பழனி மலையை அறிந்தவர்கள் அறிவார்கள். ஆகவே, வந்து நிலைத்துவிட்டது என்பது மட்டும் போதாது. வந்தது எதை வாங்குகிறது, எதைத் தள்ளுகிறது என்று பார்க்கவேண்டும். பேரிக்காய் மரம் ஒரு விவசாயிக்குப் பிழைப்பு கொடுத்தது. வாட்டில் மரம் மலையின் தண்ணீரை எடுத்துக்கொண்டது. மோமோவையும் இந்தத் தராசில்தான் வைக்கவேண்டும். கையால் செய்யும் மோமோ இந்த மலையில் முட்டைக்கோஸ் வாங்குகிறது, பூண்டு வாங்குகிறது, மாவு தேய்க்கவும் மடிக்கவும் நாலு பேருக்கு வேலை கொடுக்கிறது. யாருடைய சமையலையும் அது அடுப்பிலிருந்து இறக்கவில்லை.

இறக்கவில்லையா என்று மறித்துக் கேட்பவர்கள் பளியர்களைச் சுட்டிக்காட்டுவார்கள். இதுதான் எனக்கு மிகவும் கனமாகப் படும் மறுப்பு. இந்த மலையின் ஆதிக்குடிகளின் காட்டு வள்ளிக்கிழங்கும் தேனும் எந்த உணவகப் பட்டியலிலும் இல்லாதபோது திபெத்தியப் பலகாரத்துக்கு ஊர்ப்பட்டம் கொடுப்பது சரியா? பளியர்களுக்கு இழைக்கப்பட்டது பெரிய அநீதி, ஐயமில்லை. ஆனால் அந்த அநீதியைச் செய்தது மோமோ அல்ல. காடு கைமாறியது, தோட்டங்கள் வந்தன, கிழங்கு தோண்டப் போன பாதைகள் அடைபட்டன. 2006-ன் வன உரிமைச் சட்டம் சிறுவனப் பொருட்கள் மீது அவர்களுக்குள்ள உரிமையை ஏட்டில் ஏற்றது. அது ஒவ்வொரு குடியிருப்புக்கும் முழுமையாகச் சேரவேண்டும். ஆனால் காட்டுக்கிழங்கைச் சுற்றுலாத் தட்டுக்குக் கொண்டுவருவது அந்த உரிமைக்கு உதவும் என்று நான் நம்பவில்லை. வாரக்கடைசிக் கூட்டத்துக்குப் பரிமாறும் அளவு கிழங்கைத் தோண்டினால் கொடியே மிஞ்சாது. அவர்கள் எடுத்துவரும் தேனை நியாய விலைக்கு வாங்குவது வேறு, அவர்கள் சாப்பாட்டைக் காட்சிப்பொருளாக்குவது வேறு. மோமோவை விரட்டிவிட்டால் அந்த இடத்துக்குப் பளியர் சமையல் வரப்போவதில்லை; எங்கும் கிடைக்கும் அதே கோபி மஞ்சூரியனும் பிரைடு ரைஸும்தான் வரும்.

உடம்புக்கு ஆகாது, எல்லாம் மைதா என்ற குற்றச்சாட்டும் உண்டு. மைதா நல்லது என்று நான் வாதாடவில்லை. தைவான் கணக்கில் பத்துக் கொழுக்கட்டைக்கு 50 கிராம் மேல்மாவு; அது ஒரு பரோட்டா உருண்டைக்குப் போகும் மாவைத் தாண்டாது, எண்ணெயும் இல்லை. தடித்த மாவும் பொரித்தெடுப்பதும் மேலே ஊற்றும் மயோனைஸும்தான் கணக்கை மாற்றுகின்றன.

அங்கேதான் உண்மையான எதிரி இருக்கிறது. பல இடங்களில் இன்று மோமோ என்ற பெயரில் கிடைப்பது, சமவெளியில் இயந்திரத்தில் அச்சடித்து, உறையவைத்து, பிளாஸ்டிக் பையில் மலையேறி வந்த பொருள். அதன் மடிப்புகள் எல்லாம் ஒரே அச்சு. உள்ளே என்ன காய் என்று நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. அதை மறைக்கத்தான் அந்தச் சிவப்புச் சட்னியின் காரம். கையால் மடித்ததைப் பார்த்தவுடன் அடையாளம் தெரியும். எலுமிச்சை அளவு மாவை வட்டமாகத் தேய்க்கும்போது ஓரத்தை மெலிதாகவும் நடுவைச் சற்றுத் தடிப்பாகவும் விடுவார்கள், பூரணத்தின் கனம் நடுவில்தானே உட்காரும். இடது உள்ளங்கையில் வட்டத்தை ஏந்தி, கட்டைவிரல் நகராமல் நிற்க, ஆள்காட்டி விரல் ஓரத்தைச் சிறிது சிறிதாகக் கொசுவிக்கொண்டு போகும். புடவைக் கொசுவம் வைப்பது போன்ற அதே விரல் வேலை. கடைசிக் கொசுவத்தை முறுக்கி மூடும் இடத்தில் எல்லாம் வந்து சேரும். அங்கே மாவு தடித்துவிட்டால் வேகாது, மெலிந்துவிட்டால் சாறு போய்விடும். இதைப் பழக மாதக்கணக்கில் ஆகிறது. இந்தக் கைக்குத்தான் நாம் காசு கொடுக்கவேண்டும், மோமோ என்ற பெயருக்கு அல்ல. உறையவைத்ததா, இங்கே செய்ததா என்று கேட்காமல் வாங்கும்வரை, கையால் செய்பவர் பையில் வாங்கி விற்பவரோடு விலையில் போட்டிபோட முடியாது.

மலைக்கு ஏற்ற சமையல் என்று சொல்வதற்கு இன்னொரு ஆதாரமும் உண்டு, அது பௌதிகம். கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி உயரம். காற்றழுத்தம் குறைவதால் அங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமெடுப்பது அதனால்தான். குக்கர் இல்லாமல் அங்கே சமையல் சிரமம். ஆனால் மெல்லிய மாவும் விரலளவு பூரணமும் உள்ள ஒன்றுக்கு 93 டிகிரி ஆவி தாராளம், சில நிமிடம் கூடுதலாக வைத்தால் போதும். திபெத்தியப் பீடபூமி கொடைக்கானலைவிட இன்னும் உயரம். அங்கே மோமோ வேகவைக்கப் பழகிய அடுக்குப் பாத்திரம் இங்கே பொருந்தியதில் வியப்பில்லை. அந்த அலுமினிய அடுக்கைப் பார்த்தால் இட்லிக் கொப்பரையின் சொந்தம் என்று சொல்லிவிடலாம்.

இந்த மலையின் சமையல்காரர்களிடம் எனக்கு ஓர் ஆசையைச் சொல்லவேண்டும். சூப் கொழுக்கட்டைக்குத் தைவான் போகவேண்டியதில்லை. ஆட்டுக்கால் பாயா வைக்கிற வீடுகளில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், மார்கழிக் குளிரில் இரவு மிச்சம் வைத்த பாயா காலையில் கட்டியாக ஆடும். தைப்பேயில் குளிர்பெட்டியில் செய்வதை, கொடைக்கானலில் இரவுக் குளிரே செய்துவிடும். பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் விளைந்து, வீட்டில் புகைபோட்டுக் கட்டித் தொங்கவிடும் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் காரம் பாயாவுக்கென்றே விளைந்தது போன்றது. கட்டிப்போன பாயாவை நறுக்கி, பூண்டும் மிளகும் சேர்த்த ஆட்டுக் கொத்துக்கறியோடு பிசைந்து, திபெத்தியக் கையால் கொசுவி மூடி, மந்தாரை இலை விரித்த தட்டில் வேகவைத்தால், அதைச் செய்வதற்கு இந்த மலையைத் தவிர வேறு ஊர் எதற்கு? வெந்ததைக் கொசுவம் சேரும் நுனியைப் பிடித்துத் தூக்கிக் கரண்டியில் வைக்கவேண்டும். முழுதாக வாயில் போட்டால் நாக்கு பொத்துப்போகும். ஓரத்தில் சின்னதாகக் கடித்து, ஆவி போகவிட்டு, முதலில் சாற்றை உறிஞ்சிவிட்டு, பிறகு மீதியைச் சாப்பிடவேண்டும்.