விதை உருளைக்கிழங்கில் மறைந்துள்ள வைரசு நோயைக் கண்டறிதல்

பசளையும் நீரும் குறைவின்றி அளித்தும் உருளைக்கிழங்கின் விளைச்சல் போகத்துக்குப் போகம் குறைந்து வருமாயின், அதற்குரிய காரணம் விதைக்கிழங்கினுள்ளேயே மறைந்திருத்தல் கூடும். இலைச்சுருள் வைரசு, 'வை' வைரசு என்பன செடியிலிருந்து கிழங்கினுட் சென்று, அக்கிழங்கிலிருந்து முளைக்கும் செடியையும் பற்றுகின்றன. அழுக்கணவன் பூச்சிகள் இவற்றை அயற்செடிகளுக்குப் பரப்புகின்றன. நோயுற்ற கிழங்கோ பார்வைக்கு நல்ல கிழங்கைப் போலவே காணப்படும்.

பெருங்கிழங்குகளைச் சந்தைக்கு அனுப்பிச் சிறுகிழங்குகளை விதைக்கென வைத்துக்கொள்வது கமக்காரர் பலரது வழக்கம். வைரசு பற்றிய செடிகள் சிறுகிழங்குகளையே மிகுதியாகத் தருகின்றன. ஆதலால், இவ்வழக்கமுடையோர் தம்மையறியாமலே நோயுற்ற கிழங்குகளைத் தெரிந்தெடுத்து நடுகின்றனர்.

ஆய்கூடச் சோதனை

கண்ணுக்குப் புலனாகாத வைரசை நிறத்தினாற் காட்டும் சோதனை 'எலைசா' எனப்படும். இம்முறையைச் சுவீடனில் எங்வால், பேள்மன் என்போர் 1971 இல் வெளியிட்டனர். 1977 இல் இங்கிலாந்தில் கிளாக், அடம்ஸ் என்போர் இதனைத் தாவர வைரசுகளுக்கு ஏற்றவாறு அமைத்தனர்.

தூய்தாக்கிய வைரசை முயலுக்கு ஊசிமூலம் ஏற்றினால், அதன் குருதியில் அவ்வைரசைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதம் உண்டாகின்றது. இதுவே பிறபொருளெதிரி. ஒரு பூட்டுக்கு அதற்குரிய திறப்பே பொருந்துவது போல, இது தனக்குரிய வைரசையே பற்றும்.

96 சிறு குழிகளையுடைய தட்டொன்றில் முதலிற் பிறபொருளெதிரியைப் படியவிடுவர். பின்னர் இலையை அரைத்தெடுத்த சாற்றை இடுவர். சாற்றில் வைரசு இருப்பின் அது குழியில் ஒட்டிக்கொள்ளும். ஏனையவை கழுவுகையில் நீங்கிவிடும். அடுத்து, நொதியம் இணைக்கப்பட்ட பிறபொருளெதிரியை இட, அது வைரசின்மீது பற்றும். மீண்டும் கழுவி, நொதியத்தால் நிறமாறும் நிறமற்ற கரைசலை இடுவர். மஞ்சள் நிறம் தோன்றின் வைரசு உண்டு என்பது கருத்து. சிறிதளவு நொதியமும் மிகுந்த கரைசலை நிறமாற்ற வல்லதாகையால், அற்ப அளவு வைரசும் வெளிப்படும். முடிவைச் சரிபார்க்க, நோயற்ற செடியின் சாற்றையும் நோயுள்ள செடியின் சாற்றையும் அதே தட்டில் வைத்து ஒப்பிடுவர்.

சோதனையின் எல்லை

இச்சோதனை எந்த வைரசுக்குரிய பிறபொருளெதிரி இடப்பட்டதோ அதனை மாத்திரமே காட்டும். புதிதாய்க் கிண்டிய கிழங்கில் வைரசு மிகக் குறைவாக இருக்கலாம். ஆகவே, கிழங்கின் கண்ணை முளைக்கவிட்டு அதன் இலையைச் சோதிப்பது நன்று. நோயைக் கண்டறிதல் வேறு, தீர்த்தல் வேறு. நோயுற்ற செடியைக் குணமாக்கும் மருந்து எதுவும் இல்லை.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

1. சோதித்து அத்தாட்சிப்படுத்தப்பட்ட விதைக்கிழங்கையே நடுக.

2. சொந்தக் கிழங்கை விதைக்கு வைப்பதாயின், செடிகள் பசுமையாயிருக்கும்போதே செழித்த, நோய்க்குறியற்ற செடிகளுக்குத் தடி நாட்டி அடையாளமிட்டு, அவற்றின் கிழங்குகளைத் தனியே கிண்டி எடுக்கவும். எஞ்சிய சிறுகிழங்குகளை விதைக்கு எடாதீர்.

3. அடியிலைகள் மேனோக்கிச் சுருண்டு விறைத்த செடிகளையும், இலைகள் வெளிறிய திட்டுக்களுடன் சுருங்கிய செடிகளையும் கண்டவுடன் கிழங்கோடு பிடுங்கி அழிக்கவும்.

4. முந்திய போகத்திற் தவறிய கிழங்கிலிருந்து தானாய் முளைக்கும் செடிகளையும் அகற்றவும்.

5. அழுக்கணவனைக் கட்டுப்படுத்துக. எனினும், 'வை' வைரசைப் பூச்சி சில கணங்களிற் பரப்பிவிடுமாதலால் மருந்து தெளித்தலை மாத்திரம் நம்பியிருத்தல் ஆகாது.

நல்ல விதைக்கிழங்கே இந்நோய்க்கு முதற் காப்பாகும்.